அரிசி எப்போது ஊறவைக்கலாம்?

எங்கள் கல்லூரியில் மாணவர்களே நடத்தும் சமுதாய வானொலிக்கு உரிமம் கேட்டு, டெல்லிக்கு இரண்டு வருஷம் எழுதி எழுதிச் சலித்தோம். கடைசியில் உரிமம் வந்தது. கூடவே, செய்தி ஒலிபரப்பக் கூடாது என்ற நிபந்தனையும் வந்தது.

ஆம்பூரில் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் தோல் கம்பெனிக் கழிவு இறங்கி, தண்ணீரை வாயில் வைக்க முடியாது. நகராட்சிக் குழாய்தான் கதி. அதுவும் வாரம் ஒரு நாள், எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் லீவு போட்டுவிட்டுக் குடத்தோடு காத்திருப்பார்கள். தண்ணீர் திறந்துவிடுகிறவரிடம் நேரத்தைக் கேட்டு ரேடியோவில் சொன்னோம். நிலையத்துக்குப் பொறுப்பான பேராசிரியர் குதித்தார்.

"அது செய்தி. லைசென்ஸ் போய்டும்."

குழாயில் தண்ணீர் வருவது செய்தியாம்! தோல் கம்பெனி விளம்பரம் மட்டும் தினமும் ஓடியது. அதற்கு அனுமதி உண்டு.

வந்த ஆத்திரத்தில் அதை என் சமையல் நிகழ்ச்சிக்குள் நுழைத்தேன். "மசூதித் தெருக்காரங்க நாளைக்கு ஆறு மணிக்கு பிரியாணிக்கு அரிசி ஊறவைங்க" என்றால், ஆறு மணிக்கு அங்கே தண்ணீர் வரும். ஒரே மாதத்தில் ஊருக்கே புரிந்துவிட்டது. பேராசிரியருக்கும் புரிந்தது. எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டி, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கி, நிகழ்ச்சியையே நிறுத்தினார்.

அடுத்த வாரம் மாடிப்படியில் என்னை மடக்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எங்க தெருவுல எப்பம்மா அரிசி ஊறவைக்கலாம்? வீட்ல ஒரு குடம் தண்ணிகூட இல்ல."

"அது செய்தி சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனேன்.