அம்மாவின் ஜாடை

ஜஹீதா பொறாமைக்காரி. நோயாளியைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பல வருஷமாக அவளுக்குப் பக்கத்து மெஷினில் தைப்பவள் நான், குடியாத்தத்துக் கமலவேணி. சூப்பர்வைசர் என் தையலை மெச்சினால் அன்று அவள் என்னோடு சாப்பிட மாட்டாள். ஆனால் அந்தப் பொறாமையில் முக்கால் பங்கு அவளுடைய அக்கா குர்ஷித்துக்குத்தான்.

குர்ஷித் வாணியம்பாடியில் வசதியாக வாழ்க்கைப்பட்டவள். இறந்துபோன அம்மாவை உரித்து வைத்த மாதிரி இருப்பாள். கல்யாண வீடுகளில் சொந்தக்காரப் பெண்கள் அவள் கன்னத்தைத் தடவி நெட்டி முறிப்பார்கள். ஜஹீதா அப்பா ஜாடை; அவளைத் தடவ ஆளில்லை. அம்மா மார்பகக் கேன்சரில் போனவர். முகம் வந்தால் நோயும் வரும் என்று எல்லாரும் குர்ஷித்துக்காக முன்கூட்டியே பரிதாபப்பட்டார்கள். அவளும் அதை நம்பினாள். தான் போய்விட்டால் மகன் ஃபைஸான் தாயில்லாப் பிள்ளையாகிவிடக் கூடாதென்று, ஜஹீதாவின் மகள் இரம் என்பவளை அவனுக்குப் பேசி வைத்தாள். அதில் ஜஹீதாவுக்கு ரகசியமாக ஒரு பெருமை. அக்காவைவிடத் தனக்கு அதிகம் என்று அவள் நினைத்தது ஆயுசு ஒன்றைத்தான்.

கட்டி வந்தது ஜஹீதாவுக்கு.

வேலூரில் ஒரு பக்க மார்பை எடுத்தார்கள். பிறகு ரத்தம் எடுத்து ஜீன் டெஸ்ட் செய்து, ஜீனில் கோளாறு இருக்கிறது, அம்மா வழியில் வந்திருக்கும் என்றார்கள். அக்காவும் டெஸ்ட் செய்துகொள்ளட்டும், மகளும் பிறகு செய்துகொள்ளலாம், சினைப்பையிலும் கேன்சர் வரலாம், ஜஹீதா அதையும் எடுத்துவிட்டால் நல்லது என்றார்கள்.

"இன்னும் இன்னாத்த அறுக்கப் போறீங்க?" என்று சண்டை போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

குர்ஷித் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்த வாரம் ஜஹீதா என்னிடம் சொன்னாள்: "வேணிக்கா, அவளுக்கும் இருக்கணும்னு துவா கேக்குறேன். இருந்தா, என் பொண்ண வேணாம்னு எப்படி சொல்லுவா?"

"அடிப்பாவி, வாயக் கழுவு!"

"பொண்ணுக்காக மட்டும் இல்லக்கா. நான் மட்டும் ஏன்?"

முடிவு சொல்லும் நாளில் நான் துணைக்குப் போனேன். குர்ஷித்துக்கு அந்தக் கோளாறு இல்லை. முக ஜாடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். குர்ஷித் வெளியே வந்து தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஜஹீதா மரம் மாதிரி நின்றாள்.

"இரம் டெஸ்ட் பண்ணட்டும், பண்ணாம போகட்டும். எது வந்தாலும் அவதான் என் மருமக. நீ கவலப்படாத. உனக்கப்புறம் அவளுக்கு அம்மாவா நான் இருக்கேன்" என்றாள் குர்ஷித்.

என்ன மனசு அது! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜஹீதாவின் முகமோ கறுத்துப் போயிருந்தது. ஊர் திரும்பும் பஸ் பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டும்போது சொன்னாள்.

"அம்மா முகத்த எடுத்துக்கிட்டா. நோய என் தலையில கட்டிட்டா. இப்ப என் பொண்ணையும் எடுத்துக்கப் போறா."

"அவ நல்லதுதானே சொன்னா?"

"அதான் பேஜாரே! கெட்டவளா இருந்தா திட்டிட்டாவது போவேன்."

அடுத்த வாரம் அவள் வேலைக்கு வரவில்லை. போன் செய்தேன். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள், சினைப்பையை எடுத்தாகிவிட்டது. பேச்சு மெலிந்திருந்தது, கோபம் மெலியவில்லை.

"உங்க அக்கா சொன்னான்னு ஒத்துக்கினியா?" என்றேன்.

"அவ சொன்னா நான் கேப்பனா? கஞ்சி கொண்டாந்தா. நல்லாத்தான் இருந்துச்சி. அத அவகிட்ட சொல்லல."

"பின்ன எதுக்குடி ஒத்துக்கின?"



"இரமுக்கு கல்யாணம் ஆவும். தலைப்பிரசவத்துக்கு பொண்ணு தாய் வூட்டுக்குத்தானக்கா வரணும்? நான் இல்லன்னா அவ எந்த வூட்டுக்கு வருவா?"