ஒற்றை ராஜாவும் என் பதினாறு காய்களும்

அப்பா ஆடும் சதுரங்கத்தை வேறு யாரும் ஆடி நான் பார்த்ததில்லை. எனக்கு வழக்கமான பதினாறு காய்களும் உண்டு. அவருக்கு ஒரே ஒரு ராஜா. அது ராணி மாதிரியும் போகும், குதிரை மாதிரியும் தாவும். யார் எதிராளியின் ராஜாவை மடக்குகிறாரோ அவருக்கு வெற்றி. இதில் பாவப்பட்டவர் யார் என்று எனக்கு விளங்கியதே இல்லை. பதினாறு பேரை வைத்துக்கொண்டு முப்பது வருஷமாகத் தோற்றவள் நான்.

அம்மா போனபின் அப்பா செங்கோட்டையில் தனியாக இருந்தார். தென்காசியில் என்னோடு வந்து இருங்கள் என்றால் ஒரே பதில்தான். "மக வீட்டுக்கு வந்தமா, காப்பியக் குடிச்சமா, போனமான்னு இருக்கணும்ட்டீ." நான் ஒரே பிள்ளை. வேறு யார் வீட்டுக்குப் போவாராம்? போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, யாரிடமும் சொல்லாமல் நொண்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

சாரல் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை, பழைய அருவியில் குளித்த ஈரத் தலையோடு நேராக அவரிடம் போனேன்.

"எப்பா, ஒரு ஆட்டம். நான் ஜெயிச்சா நீங்க என்கூட வந்துரணும்."

"தோத்தா?"

"இனிமே வாயே திறக்க மாட்டேன்."

ஒரு வாரமாகப் போனில் ஆடிப் பழகியிருந்தேன். ஒவ்வொரு காய்க்கும் இன்னொன்று காவல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். அப்படியே நகர்த்திக்கொண்டு வந்தவள், பாதியில் புத்தி தடுமாறி யானையைக் காவலில்லாமல் விட்டுவிட்டேன். அவர் விரல் ராஜாவின் தலையில் இருந்தது, பார்வை யானைமேல். பிறகு ராஜாவைக் கொண்டுபோய் ஒரு மூலையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் மடக்கிவிட்டேன்.

சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. யானையை வெட்டாமல் விட்டாரே, அவருக்குக் கண் மங்கிவிட்டதா? வீம்பு பிடித்து ஒரு மனுஷரை அவர் வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போகிறேனா? தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் அவர், "ஆட்டத்துல தோத்துட்டேம்லா, என்ன செய்ய?" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மறுநாள் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பார்வை நன்றாக இருக்கிறது என்றார். எனக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

அடுத்த ஞாயிறு, தென்காசியில் பலகையை விரித்தோம். வேண்டுமென்றே யானையை அதேபோல் விட்டுவைத்தேன். நான் கையை எடுப்பதற்குள் வெட்டிவிட்டார்.

"அன்னைக்கு இதப் பாக்கலையாப்பா?"

"பாத்தேன்."

"பொறவு ஏன் எடுக்கல?"

வெட்டிய யானையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நானா வாரேன்னு எப்படிட்டீ சொல்லுவேன்?"