நான்கு லீவு

கல்யாணமாகி ஆறு வருடம். கல்யாணத்துக்கு வந்ததையும் சேர்த்து நான்கு லீவு என்று சொன்னால்தான் எங்கள் ஜனத்துக்குப் புரியும். துபாயில் இருக்கிற மனுஷனுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நாற்பத்தைந்து நாள்.

முதல் லீவிலேயே தெரிந்துவிட்டது. அவர் நெருங்கினால் என் தொடைகள் இறுகிக்கொள்ளும். உள்ளே வழியே இல்லாததுபோல் அடைத்துக்கொள்ளும். மீறினால் அறுக்கிற வலி. அவர்மேல் ஆசை இல்லாமல் இல்லை. அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

காரைக்காலில் எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். மாடி அறை எங்களுக்கு. கீழே உம்மா. விடியற்காலையில் நான் தலைக்குக் குளிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். குளித்தால் சேர்ந்தாயிற்று என்று கணக்கு. ஒன்றும் நடக்காமலே நாற்பத்தைந்து நாளும் குளித்தேன். சளி பிடித்ததுதான் மிச்சம்.

இரண்டாவது லீவில் உம்மாவுக்குத் தெரிந்துபோனது. தண்ணீர் ஓதிக் குடிக்கக் கொடுத்தார்கள். பிறகு ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். எல்லாப் பெண்களும் பொறுத்துக்கொள்வதுதான், கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும் என்று சிடுசிடுத்தார். அந்த டாக்டரம்மாவை இன்றைக்கும் எனக்கு அறையத் தோன்றுகிறது.

மூன்றாவது லீவு முடியப் பத்து நாள் இருக்கும்போதுதான் தஞ்சாவூரில் இதற்கென்றே இருக்கிற ஒரு பெண் மருத்துவரைக் கண்டுபிடித்தோம். முழுதாக ஒரு மணி நேரம் என்னைப் பேசவிட்டார். பயத்தில் தசை தானாக இறுகுகிறது, நீ வேண்டுமென்று செய்வதில்லை என்று இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். மூச்சுப் பயிற்சி, பிறகு என் விரல், பிறகு மெல்லியதில் தொடங்கிப் படிப்படியாகப் பருத்துக்கொண்டு போகும் வழவழப்பான குச்சிகள். அதுவரை கணவர் முயற்சி செய்யவே கூடாது. ஆறு மாதம் ஆகும் என்றார்.

அந்தப் பத்து நாளும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினார். பயமில்லாமல் அவர் பக்கத்தில் படுத்தது அப்போதுதான்.

அவர் விமானம் ஏறிய மறுவாரம் நான் தஞ்சாவூருக்குக் கிளம்பினேன். உம்மா வாசலில் நின்றாள்.

"மாப்புள்ள ஊர்ல இல்லாதப்ப அந்த டாக்டர்கிட்ட ஒனக்கு என்ன வேல? யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க? அவரு வரட்டும், சேந்து போங்க."

உம்மா சொன்னதை விடுங்கள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. புருஷன் இல்லாத நேரத்தில் இதற்கு எதற்கு வைத்தியம் என்று செருப்பைக் கழற்றினேன். மருத்துவரிடம் போனில் சொன்னபோது, "அவர் இல்லாத காலம்தாம்மா இதுக்கு வசதி. அவசரப்படுத்த ஆள் இல்ல பாருங்க," என்றார். நோன்பு முடியட்டும் என்றேன். பிறகு தங்கை கல்யாணம் என்றேன். பிறகு மருத்துவர் கூப்பிட்டால் நான் போனை எடுக்கவே இல்லை.

நான்காவது லீவில் அவர் வந்த கார் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நெரவியில் அவருடைய உம்மா வீட்டில் போய் நின்றது. எங்கள் ஜனத்தில் மாப்பிள்ளை பெட்டியை அங்கே இறக்கினால் அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். மூன்றாம் நாள் வந்தார். விருந்தாளி மாதிரி கூடத்தில் உட்கார்ந்தார்.

"ஒம்மேல கோவம் இல்ல. எத்தன லீவு இப்புடியே போறது, சொல்லு."

"டாக்டரு ஆறு மாசந்தான்னு சொன்னாங்கள்ல?"

"சொல்லி ரெண்டு வருசம் ஆச்சு புள்ள."

டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். ஜமாத்தில் பிரிவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்ப விமானம் ஏறினார்.

போன மாதம் தனியாகத் தஞ்சாவூர் போனேன். உம்மா தடுக்கவில்லை. இனி தடுக்க என்ன இருக்கிறது? முதலிலிருந்து, மூச்சிலிருந்து ஆரம்பிக்கிறோம். குணமாகிவிடும் என்கிறார் மருத்துவர். ஆகும், எனக்கும் தெரியும். யாரோடு வாழ வேண்டும் என்று இருந்தேனோ அவர் வர மாட்டார், அதுவும் தெரியும்.