இரண்டு பல்

குதிரைக்கு எந்த வயதில் எதைப் பழக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. மாடு தெரிந்தவளுக்குக் குதிரையும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன், அதுதான் வினையாகப் போயிற்று.

என் வீட்டுக்காரர் அந்தியூர்ச் சந்தையில் ஆறு மாதப் பெண்குதிரைக்குட்டி ஒன்றை வாங்கி, குட்டியானைச் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எங்கள் மலைமேல் வாசலூர்பட்டி ஏரியில் படகு விட வருகிற வெளியூர்க்காரர்களை அதன்மேல் ஏற்றி ஒரு சுற்று சுற்றிவரலாம் என்பது அவர் யோசனை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைப்பாதையின் அத்தனை வளைவையும் நின்றபடியே ஏறி வந்த குட்டி, இறங்கியதும் கால் நடுங்க வந்து என் முந்தானையில் முகத்தைத் தேய்த்தது. நான் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மிளகை யார் பார்த்தார்கள்!

"அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா? இப்பவே பழக்கிப் போடு புள்ள" என்றார்.

"நீங்க எத்தனையில வளைஞ்சீங்க?" என்று கேட்டேன். ஆனாலும் பழக்கினேன். கூப்பிட்டால் வரவும், கேட்டால் காலைத் தூக்கித் தரவும் ஒரு வாழைப்பழத்துக்குக் கற்றுக்கொண்டது. வாசலில் ஒரு தட்டைக்கல் கிடந்தது. அதன்மேல் யாராவது ஏறினால், முதுகில் கால் போட வசதியாக, ஓடிவந்து பக்கவாட்டில் ஒட்டி நிற்க வேண்டும். "நில்லு சாமி" என்றால் ஈ மொய்த்தாலும் அசையக் கூடாது. பிள்ளைக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னேன், அதுவும் பிள்ளைபோலவே கேட்டது.

ஒன்றரை வயதிலேயே சேணம் வைக்கலாம் என்று அவர் பரபரத்தார். நான் விடவில்லை. என் பிறந்த வீட்டில் உழவுமாடுகள் உண்டு. காளைக்கன்றுக்குப் பால்பல் விழுந்து இரண்டு பல் முளைத்த பிறகுதான் நுகத்தடி. அதற்கு முன்னால் வைக்கிறவனை எங்கள் பக்கத்தில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள்.

"ரெண்டு பல்லு போடட்டுங்க. அதுவரைக்கும் ஒருத்தரும் ஏறப்படாது" என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

வாரம் தவறாமல் உதட்டைத் தூக்கிப் பார்ப்பேன். ஒரு வருஷம் போய்ப் பல் முளைத்தது. ஓடிப்போய் அவரிடம் சொன்னவளும் நான்தான்.

சனி, ஞாயிறு, பண்டிகை விடுமுறை, எல்லா நாளும் ஆள் ஏறியது. குழந்தைகள் மட்டுமா ஏறினார்கள்? என்னைப்போல் இரண்டு பங்கு இருந்தவர்களும் ஏறினார்கள். "பொம்மையாட்டம் நிக்குதுங்க" என்று எல்லோரும் மெச்ச, எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வருஷம் முடிவதற்குள் முதுகு குழிவிழ ஆரம்பித்தது. அடுத்து, பின்னங்கால் ஒன்று மண்ணைக் கீறிக்கொண்டு வந்தது.

செம்மேட்டிலிருந்து கால்நடை டாக்டர் வந்தார். முதுகில் விரல் வைத்து அழுத்தியதும் தோல் முழுவதும் துடித்தது. நான் பக்கத்தில் நின்று "நில்லு சாமி" என்றேன். நின்றது.

"பல்லுக் கணக்கு மாட்டுக்குச் சரிங்கம்மா. குதிரைக்கு முதுகெலும்பு கடைசியாத்தான் முத்தும், அஞ்சு வயசுக்கு மேல ஆயிரும். கையில புடிச்சு நடத்திப் பழக்கலாம். பெரியவங்கள ஏத்தி நாள் பூரா நடத்தலாங்களா?" என்றவர், "இவ்வளவு நாள் வலிச்சிருக்கும். உங்களுக்குத் தெரியலீங்களா?" என்று கேட்டார்.

"அது நின்னுச்சுங்களே" என்றேன்.

உழவுமாடு முடியாவிட்டால் நுகத்தடியோடு படுத்துக்கொள்ளும். வாலை முறுக்கினாலும் எழாது. சனியன் என்று திட்டிக்கொண்டே அவிழ்த்துவிடுவோம். இந்தக் குட்டிக்கும் படுக்கத் தெரிந்திருக்கும். ஆறு மாதத்திலிருந்தே, வாழைப்பழம் கொடுத்துக் கொடுத்து, அதை நான் மறக்கடித்திருந்தேன்.

இனி அதன்மேல் யாரும் ஏற முடியாது. சேணத்தை அவர் பரண்மேல் போட்டுவிட்டார். பழமொழி எதுவும் இப்போது சொல்வதில்லை. காலையில் புல் அறுத்துவந்து அவரே போடுகிறார். மிளகுக் கொடிகளுக்கு நடுவே அது காலை இழுத்து இழுத்து மேய்கிறது.

போன வாரம் கொடியில் துணி காயப்போட எட்டவில்லை. அந்தத் தட்டைக்கல்மேல் ஏறினேன். தோட்டத்திலிருந்து நொண்டிக்கொண்டே வந்து, என் பக்கவாட்டில் ஒட்டி நின்றது. துணியைப் போட்டுவிட்டு அழுதேன். அன்றைக்கே இரண்டு பேருமாகக் கடப்பாரை போட்டுக் கல்லைப் பெயர்த்துப் பள்ளத்தில் உருட்டிவிட்டோம்.

இன்று காலை துணியோடு வாசலுக்கு வந்தேன். கல் கிடந்த இடத்தில் வந்து நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. போ சாமி, போ சாமி என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். அந்த வார்த்தையை நான் பழக்கவே இல்லை.