கீழ்வீட்டு நடிகையின் நெற்றிப் பொட்டு

நியூயார்க்குக்குப் பக்கத்தில் பிஸ்கட்டவேயில் நாங்கள் முதலில் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு வெள்ளைக்கார நடிகை இருந்தார். நடிகை என்றதும் எதையாவது கற்பனை பண்ணிக்கொள்ளாதீர்கள். வயது எண்பத்தெட்டு. கையில் தடி, வாயில் சரவெடி. வீடு அவருடையது, மாடி எங்களுக்கு வாடகைக்கு. எண்பதுகளின் ஆரம்பம் அது. என் வீட்டுக்காரர் மருந்து கம்பெனியில் கெமிஸ்ட். மகளுக்கு ஐந்து வயது, தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். எனக்கு வேலை கிடையாது, கார் ஓட்டத் தெரியாது. கோபம் மட்டும் மூக்குக்கு மேலே இருந்தது.

அந்த வீடு கிடைத்ததே பெரிய பாடு. அதற்கு முன்னால் மூன்று இடங்களில், "என்ன சமைப்பீர்கள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, வீடு வேறு யாருக்கோ போய்விட்டது என்று மறுநாள் போனில் சொன்னார்கள். இந்த அம்மாள் கேட்கவே இல்லை. "எதை வேணா சமைச்சுக்கோங்க. தலைக்கு மேல தாம்தூம்னு குதிக்காதீங்க" என்றார். அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். ஆனால் என் காதில் அது எங்கள் தெரு அத்தைகள் பேசுகிற மாதிரிதான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

ஏன் கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பதினாறு வயதில் வீட்டைவிட்டு ஓடி நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர் அவர். ரயிலேறி ஊர் ஊராகப் போவார்களாம். போன ஊரில் தங்க இடம் தேடினால், பாதி விடுதி வாசலில் 'நடிகர்களுக்கு இடமில்லை' என்று பலகை தொங்குமாம். "பெட்டியும் கையுமா மழையில நின்னிருக்கேன். அந்தப் பலகைய என் வீட்டு வாசல்ல நான் மாட்டுவேனா?" என்று கேட்டார்.

அதற்காக நாங்கள் கொஞ்சிக் குலாவினோம் என்று நினைக்க வேண்டாம். நான் இட்லிக்கு அரைத்தால் அவர் கீழிருந்து தடியால் கூரையை இடிப்பார். நான் பதிலுக்குக் காலால் தரையை உதைப்பேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் மாடிப்படி அதிர இறங்கிப்போய் அவர் கதவைத் தட்டினேன். திறந்தவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நல்ல என்ட்ரி! ஆனா இடுப்புல கை வெக்கறதுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? முதல்ல ஒரு முறை முறைச்சுட்டு அப்புறம் வெச்சிருக்கலாம்" என்றார்.

சண்டை போட வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டால் மானம் போகுமா போகாதா? போயிற்று. அன்றைக்கு உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். சகிக்காத டீ. மறுநாளிலிருந்து நானே ஒரு ஃபிளாஸ்க்கில் டீ போட்டு எடுத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தேன். மகள் ஸ்கூல் பஸ்ஸில் வந்து இறங்கும்வரை எங்கள் பேச்சு ஓடும்.

அந்தக் காலத்தில் நடிகர்களுக்கு முழு நாடகத்தையும் கையில் கொடுக்க மாட்டார்களாம். அவரவர் வசனமும், அதற்கு முன்னால் எதிராளி பேசும் கடைசி நாலு வார்த்தையும் மட்டும் எழுதிய காகிதம்தான் கிடைக்கும். வாரம் ஒரு புது நாடகம். இரவில் ஒன்றை நடித்துக்கொண்டே பகலில் அடுத்ததை மனப்பாடம் பண்ண வேண்டும். "கதை என்னன்னே தெரியாம எத்தனை நாடகத்துல செத்துப் போயிருக்கேன் தெரியுமா?" என்பார். இருபது வருஷம் அப்படி அலைந்திருக்கிறார். வேலைக்காரி, தாதி, கதாநாயகியின் தோழி, ஜன்னல் வழியாகக் கத்துகிற பக்கத்து வீட்டுக்காரி. பிறகு பேசும் படம் வந்தது. நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக சினிமா தியேட்டராக மாறின. இவர் ஒரு கடையில் தொப்பி விற்கப் போய்விட்டார்.

ஆனால் ஒரே ஒரு ராத்திரி அவர் கதாநாயகி. மூன்று வருஷம் ஒரு நாடகத்தில் வேலைக்காரியாக வந்து, "வண்டி தயாராக இருக்கிறது அம்மா" என்று ஒரே வசனம் பேசிக்கொண்டிருந்தார். கதாநாயகிக்கு முடியாமல் போனால் போய் நிற்பதற்காக அவளுடைய பாடம் முழுவதையும் நெட்டுருப் போட்டு வைத்திருந்தார். அந்த மகராசிக்கு மூன்று வருஷமும் ஒரு தும்மல்கூட வரவில்லை. கடைசியில் பென்சில்வேனியாவில் ஏதோ ஒரு சுரங்க ஊரில் தொண்டை கட்டிக்கொண்டது. இவர் மேடையேறினார். மறுநாள் அந்த ஊர்ப் பேப்பரில் இவர் பெயரோடு நாலு வரி வந்தது. அன்று காலையே கதாநாயகியின் உடையைக் கெஞ்சி வாங்கிப் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். அன்று மாலை அவளுக்குத் தொண்டை சரியாகிவிட்டது. இவர் திரும்பவும் வண்டி தயார் என்று சொல்லப் போய்விட்டார்.

அந்தப் படமும் நாலு வரியும் ஒரு தடி ஆல்பத்தில் ஒட்டியிருந்தன. கூடவே இருபது வருஷத்து நாடக நோட்டீஸ்கள், எழுத்துத் தேய்ந்த வசனக் காகிதங்கள். அந்த ஆல்பம்தான் அவருக்குப் பிள்ளை, பேரன் எல்லாம். நியூயார்க்கில் பழைய நாடகச் சாமான்களைச் சேர்த்து வைக்கும் நூலகம் ஒன்றுக்கு ஏழு வருஷமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். "ஒஹையோவுல இருக்கற அக்கா பையன் நான் செத்த மறுநாளே வீட்ட வித்துருவான். இது குப்பைல போகும். அப்புறம் நான் மேடையில நின்னேன்கறதுக்கு என்ன அத்தாட்சி?" என்பார். எதற்கும் குரல் தாழாதவர் இதைச் சொல்லும்போது மட்டும் மெதுவாகப் பேசுவார். கடைசியில் நூலகத்திலிருந்து பதில் வந்தது. ஒருவர் நேரில் வந்து பார்ப்பார், தேறினால் எடுத்துக்கொள்வார், அக்டோபர் நடுவில் வருகிறார் என்று.

செப்டம்பர் மழையில் பேஸ்மென்ட்டில் தண்ணீர் புகுந்தது. அவர் வீட்டுச் சுவரெல்லாம் ஓதம். ஆல்பத்தை என் கையில் கொடுத்து, "அந்த ஆள் வர்ற வரைக்கும் மாடியில பத்திரமா வெச்சுக்கோ" என்றார். உலகத்தில் என்னைத் தவிர வேறு ஆளே கிடைக்கவில்லையா அவருக்கு!

சரஸ்வதி பூஜை வந்தது. விடிகாலையில் எழுந்து அலமாரியின் மேல்தட்டைத் துடைத்துக் கோலம் போட்டேன். மகளுடைய ஏ பி சி புத்தகம், வீட்டுக்காரரின் கெமிஸ்ட்ரி நோட்டுகள், நான் படித்துக்கொண்டிருந்த டிரைவிங் புத்தகம் எல்லாவற்றையும் அடுக்கினேன். ஆல்பத்தைப் பார்த்தேன். புத்தகத்துக்கெல்லாம் பூஜை உண்டு, ஒரு நடிகையின் இருபது வருஷ உழைப்புக்கு இல்லையா? கலைக்கும் அவள்தானே தெய்வம்? அதையும் வைத்தேன். மூடி வைத்தால் கறுப்பு அட்டைதான் தெரிந்தது. சரஸ்வதி இந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கட்டும் என்று அந்தப் படம் இருக்கும் பக்கத்தைத் திறந்து சாய்த்து வைத்தேன். எல்லாப் புத்தகத்துக்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்துக்கொண்டே வந்த கை, அதே வேகத்தில் படத்தின் நெற்றியிலும் வைத்துவிட்டது. ரொம்ப அழகாகத்தான் இருந்தது. ஒரு கும்பிடும் போட்டேன்.

குளித்துவிட்டு வந்த வீட்டுக்காரர் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"ஏம்மா, உயிரோட இருக்கறவங்க போட்டோவுக்கு யாராச்சும் பொட்டு வெப்பாங்களா?"

எனக்குத் திக்கென்றது. சாமிக்கும் செத்தவர்களுக்கும்தானே படத்தில் பொட்டு? இது எப்படி எனக்குத் தோன்றாமல் போயிற்று?

"மாம், யூ ருயின்ட் இட்" என்றாள் மகள், தன் பங்குக்கு.

பஞ்சை எடுத்து ஓரத்தில் லேசாக ஒற்றிப் பார்த்தேன். சந்தன ஈரத்தில் குங்குமம் காகிதத்துக்குள்ளேயே இறங்கியிருந்தது. இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, ஏதாவது வழி தெரியும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பகல் ஒரு மணிக்குக் கீழேயிருந்து போன் வந்தது. "அந்த நூலகத்து ஆள் பக்கத்து ஊருக்கு வந்திருக்காராம். இன்னைக்கே மூணு மணிக்கு வரேங்கறார். ஆல்பத்த எடுத்துட்டு வா!" குரலில் அப்படி ஒரு துள்ளல். பதினாறு வயதுப் பெண் பேசுகிற மாதிரி இருந்தது.

எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் விஜயதசமியன்று மறுபூஜை பண்ணிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எங்கள் அம்மா பரீட்சை இருந்தாலும் எடுக்க விடமாட்டாள். வீட்டுக்காரருக்கு ஆபீசுக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, எடுக்கலாமா கூடாதா?"

"அந்தம்மா ஏழு வருஷமா காத்துட்டிருக்காங்க. சரஸ்வதி ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்குவா. எடு" என்றார்.

சூடம் ஏற்றி, "தாயே, கோவிச்சுக்காத" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு எடுத்தேன். கீழே இறங்கினேன். மறைக்கவா முடியும்? அவர் எதிரில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். பூஜை, புத்தகம், சந்தனம், குங்குமம், என் புத்திகெட்ட கை. உயிரோடு இருப்பவருக்கு வைக்கக்கூடாது என்பதைக்கூட விடவில்லை. சொல்லிவிட்டு ஓவென்று அழுதுவிட்டேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அந்த தேவதை என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தாளா?" என்று கேட்டார்.

"ஆமாம்."

"எவ்வளவு நேரம்?"

"காலையில ஏழு மணிலேர்ந்து."

"அடேயப்பா! கதாநாயகியா நான் இவ்வளவு நேரம் மேடையில இருந்ததே இல்ல" என்றார். நான் கையோடு கொண்டுவந்திருந்த பஞ்சை எடுத்தேன். "துடைக்காத. கண்ணத் துடைச்சுக்கோ. ஆள் வந்தா என் நாற்காலிக்குப் பின்னால நில்லு. நான் பார்க்கறப்ப தலைய ஆட்டு. வேற ஒண்ணும் பேசாத" என்றார்.

மூன்று மணிக்கு அந்த ஆள் வந்தார். மெலிந்த மனிதர், வெள்ளைப் பருத்தி உறை போட்ட கைகள். பக்கம் பக்கமாகப் புரட்டினார். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. இதே மாதிரி நோட்டீஸ்கள் தங்களிடம் நிறைய இருக்கின்றன என்று சொன்னார். அந்தப் படத்துக்கு வந்ததும் புருவத்தைச் சுருக்கினார். "இது என்ன சிவப்பு?"

அந்த அம்மாள் தடியை ஓரமாக வைத்தார். முதுகை நிமிர்த்தினார். ஒரு நிமிஷம் அந்தப் படத்தையே பார்த்தார்.

"அந்தப் படம் எடுத்த அன்னைக்கு ராத்திரி எனக்குத் திரும்பவும் வேலைக்காரி வேஷம். மேக்கப் மேசைக் கண்ணாடியில இதைச் சொருகி வெச்சிருந்தேன். முதல் மணி அடிச்சாச்சு. விரல்ல கன்னத்துச் சாயம். நேத்து அவ்வளவு பேரும் கை தட்டினது இவளுக்குத்தானான்னு சந்தேகம் வந்துச்சு. இப்படித் தொட்டுப் பார்த்தேன்." அவருடைய விரல் காற்றில் எழுந்து, இல்லாத ஒரு நெற்றியைத் தொட்டது. "அதுக்கப்புறம் போய், வண்டி தயாரா இருக்குன்னு சொன்னேன்."

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "இவகிட்ட எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன். இல்லையாடி?"

பொய் சொன்னால் எனக்கு முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். ஊருக்கெல்லாம் தெரியும். அன்றைக்கு மட்டும் ஒரு முறை, மெதுவாக, தலையை ஆட்டினேன்.

அந்த மனிதர் மூக்கைப் படத்தருகே கொண்டுபோனார். "ஏதோ வாசனைகூட வருகிறதே?"

அந்த அம்மாள் அசரவில்லை. "அந்தக் காலத்துச் சாயத்துல சந்தனம் கலப்பாங்க" என்றார்.

அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு தன் நோட்டில் எழுதினார். என்ன எழுதினீர்கள், சத்தமாகப் படியுங்கள் என்று அந்த அம்மாள் அதட்டினார். 'நெற்றியில் ஒப்பனைச் சாயம், நடிகையின் விரல் பட்டது' என்று படித்தார். ஆல்பத்தை ஒரு குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு போனார்.

கார் கிளம்பிய சத்தம் கேட்டதும் அந்த அம்மாள் நாற்காலியில் சரிந்தார். "எப்படி இருந்துச்சு?" என்றார். நான் ஒற்றை ஆளாக நின்று கை வலிக்கத் தட்டினேன். அவர் எழுந்து, தடியை ஊன்றி, குனிந்து வணங்கினார். அப்புறம் நான் கொண்டுவந்திருந்த சுண்டலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தேங்காய் ஜாஸ்தி என்றார்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தார். நான் வைத்த பொட்டு அவரை ஒன்றும் பண்ணவில்லை. ஒரு பிப்ரவரியில் தூக்கத்திலேயே போனார். அவர் சொன்னபடியே அக்கா மகன் வீட்டை விற்றான். நாங்கள் மேற்குக் கரையிலிருக்கும் ஃப்ரீமான்ட்டுக்குக் குடிபோகப் புறப்பட்டோம். கிளம்புவதற்கு முந்தின வாரம் நான் தனியாக ரயிலேறி அந்த நூலகத்துக்குப் போனேன்.

ஒரு சின்னப் பெண் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். எனக்கும் வெள்ளைக் கையுறை கொடுத்தாள். "இந்தப் பக்கத்தைக் கவனமாகத் திருப்புங்கள். அந்தக் காலத்து மேக்கப் அப்படியே இருக்கிறது. இதைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள்" என்றாள். குங்குமம் கொஞ்சம் கறுத்திருந்தது. படத்துக்குப் பொட்டு வைக்கிற முறைப்படி பார்த்தால் இப்போது அது சரியாகத்தான் இருந்தது. எனக்குக் கண் மறைத்தது.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியுமாவா? நான் அவரோடு நடித்திருக்கிறேன்" என்றேன்.