வேலையில்லாத எவரிஸ்டா

மலைமேல் இருக்கும் எல் ஆல்டோ நகரத்தில் எவரிஸ்டா சோக்கேயின் வாய்க்குப் பயப்படாத டிரைவர் கிடையாது. புருஷனைச் சுரங்கம் விழுங்கிய பிறகு, கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, பஸ்கள் திரும்பும் முனையில் ஊதாச் சோளத்தில் காய்ச்சும் அபி என்ற சூடான பானம் விற்க உட்கார்ந்தவள். பிள்ளைகளை ஆளாக்கியது அந்த அடுப்புதான். நகராட்சி ஆள் தினமும் வந்து தரை வாடகையைக் கறாராக வாங்கிக்கொண்டு போவான். ஆனாலும் பதிவு இல்லாததால் அரசாங்கம் அவள் வியாபாரத்துக்கு வைத்த பெயர் 'கணக்கில் வராத வியாபாரம்'.

ஒரு வருஷம் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்த ஜிமேனா, "என்ன வேலை பாக்கறீங்கம்மா?" என்று கேட்டாள்.

"வேலையா? எனக்கேது வேலை! சும்மா விக்கறேன், அவ்வளவுதான்."

அங்கே விற்கிற பெண்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். சம்பளமும் திட்டுவதற்கு ஒரு முதலாளியும் இருந்தால்தான் அவர்களுக்கு அது வேலை. ஜிமேனாவும் 'வேலை இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறு வருஷம் ரேடியோவில் ஒரே கொண்டாட்டம். கணக்கில் வராத வியாபாரம் வெகுவாகக் குறைந்துவிட்டதாம். கணக்குப்படி விற்பவர்களே இல்லாத அந்த பஸ் முனையில் கார் நிறுத்தலாம் என்று நகராட்சி உத்தரவு போட்டது. எவரிஸ்டாவுக்கு வயிறு எரிந்தது. தன் அடுப்பில் தன் வாயே தண்ணீர் ஊற்றிவிட்டதே என்ற ஆத்திரம் வேறு.

மறுநாள் காலை கார் நிறுத்தக் கோடு போட பெயிண்ட் வாளியோடு ஆட்கள் வந்தார்கள். மேஸ்திரி குளிர் தாங்காமல் முதலில் ஒரு கோப்பை அபி வாங்கிக்கொண்டார். பாதி குடித்த பிறகுதான் வந்த காரியம் ஞாபகம் வந்தது.

"எந்திரிங்கம்மா. இங்க யாரும் விக்கறதில்லன்னு கணக்கு சொல்லுது."

"அப்ப நீ குடிக்கிறத யாருய்யா ஊத்திக் குடுத்தா? கணக்கா?"

பஸ் வரிசை முழுவதும் சிரித்தது. பஸ்ஸுக்கு நின்றிருந்த ஜிமேனா நழுவப் பார்த்தாள். எவரிஸ்டா விடவில்லை.

"ஏ பொண்ணு! இப்ப கேளு, என்ன வேலை பாக்கறேன்னு."

"அம்மா, அது..."

"விக்கறதுதான் என் வேலை. நல்லா எழுதிக்கோ!"

"எனக்கும் அதான் வேலை!" என்று பக்கத்து ரொட்டிக்காரி எழுந்தாள். ஒவ்வொருத்தியாக முக்காலியைத் தூக்கி வந்து கோடு போட வேண்டிய இடத்தில் உட்கார்ந்தார்கள். எத்தனை பேரைத்தான் தூக்க முடியும்? மேஸ்திரி மீதி அபியைக் குடித்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டார்.

அதற்கடுத்த வருஷக் கணக்கெடுப்பில் அவர்கள் எல்லாருமே விற்பதுதான் வேலை என்று சொன்னதில், கணக்கில் வராத வியாபாரம் மறுபடி ஏறிவிட்டதென்று ரேடியோ புலம்பியது.

"நல்லா புலம்பட்டும்," என்றாள் எவரிஸ்டா, அதே முனையில் அபியைக் கிளறிக்கொண்டே.