நேயர் கருத்து, ஒரு நிமிடத்துக்கு மிகாமல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். காக்ஸ் டவுனில் நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொந்தக்காரர் பிள்ளையாக இருந்தாலும் அரை மார்க் கூட்டிப் போட மாட்டேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது, இல்லை என்றால் பொய். அந்தக் கர்வம்தான் போன வருஷம் பத்து நாள் என்னை ஒழுங்காகச் சாப்பிட விடாமல் செய்தது.

என் நாத்தனார் ஜீவனஹள்ளியில் இருக்கிறாள். என் வீட்டுக்காரரின் தங்கை. அவள் கணவர் தவறி நாலு வருஷம் ஆகிறது. ஒரே மகள், காலேஜில் இரண்டாம் வருஷம். கன்னட சேனல் ஒன்றின் டான்ஸ் போட்டியில் அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தபோது எங்கள் குடும்பத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணி ஆனால் எல்லாரும் எங்கள் வீட்டு ஹாலில்தான். எங்கள் டிவி பெரிசு. தவிர, ஆடுகிற ஒவ்வொருத்தரையும் நான் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துச் சொல்வேன். அதை மற்றவர்கள் விரும்பினார்களா என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

ஆரம்பத்தில் அந்தப் போட்டி ஒழுங்காகத்தான் நடந்தது. மூன்று நடுவர்கள், ஆளுக்குப் பத்து மார்க், கூட்டிப் பார்த்து யார் கடைசியோ அவர் வெளியே. கணக்கு டீச்சருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பாதி சீசனில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். இனிமேல் நடுவர் மார்க் பாதிதான், மீதிப் பாதி நேயர்கள் கையில். அதோடு ஒவ்வொருவர் ஆடுவதற்கு முன்னாலும் அவர்களுடைய வீட்டுக் கதையைக் காட்டுவார்களாம்.

முதல் வாரமே எங்கள் பெண்ணின் கதை. ஜீவனஹள்ளி வீட்டுச் சுவரில் அவள் அப்பாவின் படம், அதற்கு மாலை, பின்னணியில் புல்லாங்குழல், என் நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வது. அதை மட்டும் மூன்று தடவை காட்டினார்கள். பிறகு அவள் ஆடினாள். நன்றாக ஆடவில்லை. திரும்பும் இடத்திலெல்லாம் கால் பிந்தியது. கூட ஆடிய பையனை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த அடி எடுத்தாள். ஆனால் நடுவர்கள் மூன்று பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருத்தர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

மறுநாள் எங்கள் பக்கத்தில் இதே பேச்சுதான். ஸ்டாஃப் ரூமில் ஒரு மிஸ், "ஜனங்க கையில குடுத்தா நல்லதுதானே மிஸ், ஜட்ஜுங்க என்ன வானத்துலேர்ந்தா குதிச்சாங்க?" என்றாள். கோழிக் கடைக்காரர் எலும்பை வெட்டிக்கொண்டே, "பழசே சென்னாகித்து மேடம், அதான் நல்லா இருந்துச்சு. இப்ப சீரியல் பாக்கறாப்புல இருக்கு" என்றார். நானும் அவர் கட்சிதான். அந்த வாரம் நிகழ்ச்சி முடியும்போது திரையின் அடியில் ஒரு நம்பர் ஓடியிருந்தது. புதிய முறை பற்றி உங்கள் கருத்தைக் குரலாகப் பதிந்து அனுப்புங்கள், ஒரு நிமிடத்துக்கு மிகாமல்.

கருத்துக் கேட்டால் நான் சும்மா இருப்பேனா? சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது போனை வாய்க்கு நேராகப் பிடித்து, கிளாஸில் பேசுகிற தோரணையில், கன்னடத்தில் வெளுத்து வாங்கினேன். நான் சொன்னது தமிழில் இதுதான்: "இது டான்ஸ் போட்டியா, துக்க வீடா? ஆறாம் நம்பர் பொண்ணைப் பாருங்க. திரும்பற இடத்துல கால் பிந்துது. அவளுக்கு விழற கைத்தட்டு அவ ஆட்டத்துக்கு இல்ல, சுவத்துல மாட்டின படத்துக்கு. அப்பா செத்துட்டா தாளம் தப்பலாமா? நேயர் கையில பாதி மார்க் குடுத்தா இந்த மாதிரிதான் ஜெயிக்கும்."

ஆறாம் நம்பர் என் நாத்தனார் மகள். உறவு என்று தெரிந்தும் பாரபட்சம் பார்க்காமல் பேசினேன் என்ற திருப்தியோடு துணியை மடித்துக்கொண்டு கீழே வந்தேன். சேனல் ஆபீஸில் யாரோ உட்கார்ந்து இதையெல்லாம் எழுதி வைத்து, பழைய முறைக்கு இத்தனை பேர், புதிய முறைக்கு இத்தனை பேர் என்று எண்ணுவார்கள் என்று நினைத்தேன். பரீட்சை பேப்பர் திருத்துகிறவள் புத்தி அப்படித்தான் போகும்.

வியாழக்கிழமை முன்னோட்டம் போட்டார்கள். இருட்டு மேடை, நடுவில் வெள்ளை வெளிச்சத்தில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் மண்டியாவிலிருந்து வந்த ஒரு பையன் தனியாக நிற்கிறான். மேலே எங்கிருந்தோ ஒரு பெண் குரல், அவனுக்கு உடம்பு பெருத்துவிட்டது, ஆட லாயக்கில்லை என்கிறது. பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறான், தாடை நடுங்குகிறது. நீங்கள் அனுப்பிய குரல்கள், அவர்கள் முகத்துக்கு நேராக, என்று எழுத்து வந்தது.

போனை எடுத்துப் பார்த்தேன். நான் அனுப்பியதற்குப் பக்கத்திலிருந்த மைக் படம் நீலமாக மாறியிருந்தது. யாரோ கேட்டுவிட்டார்கள். அழிக்கப் பார்த்தேன், நேரம் கடந்துவிட்டது, என் போனிலிருந்து மட்டும்தான் போகும் என்றது. அந்த நம்பருக்குப் போன் செய்தால் போட்டியின் பாட்டு ஓடிவிட்டுத் தானாகத் துண்டித்துக்கொண்டது. தயவுசெய்து என் குரலைப் போடாதீர்கள் என்று எழுதினேன். எழுதிய பிறகு, இதனாலேயே தேடிப்பிடித்துப் போட்டுவிட்டால்? அனுப்பாமல் அழித்தேன்.

வீட்டுக்காரரிடம் சொல்லலாமா என்று இரண்டு தடவை வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. என் நாத்தனாரை அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கணவரின் காரியத்தன்று தன் பெரியண்ணன் சொன்ன ஒரே ஒரு வார்த்தைக்காக, ஒக்கலிபுரத்தில் இருக்கும் அவர் வீட்டு வாசலை அவள் இன்றுவரை மிதிக்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கும் அந்தப் பெண்ணுக்கும் போக்கிடம் என்றால் எங்கள் வீடு ஒன்றுதான். என் குரல் அந்த வட்டத்தில் கேட்டால் அந்தப் பெண்ணுக்கு நெஞ்சு வெடிக்கும், அவள் அம்மா எங்கள் படியேற மாட்டாள். இரண்டும் என்னால்.

மறுநாள் வெள்ளிக்கிழமை அந்தப் பெண் என்னுடைய பழைய பட்டுத் துப்பட்டாவை வாங்கிப் போக வந்தாள். சனிக்கிழமை அவளுக்கு ஷூட்டிங். தோசை ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

"கண்ணு, இந்த ஒரு வாரம் போகாம இருந்தா என்ன? கால் சுளுக்கிக்கிச்சுன்னு சொல்லிடேன்."

அவள் சிரித்தாள். "போகலன்னா எலிமினேட் பண்ணிடுவாங்க அத்தை. இவ்ளோ தூரம் வந்துட்டு?"

"அந்த வட்டத்துல நிக்க வைக்கறாங்களே. கண்டவனும் கண்டதையும் பேசுவான்."

"பேசட்டும். யாருன்னே தெரியாதவங்க பேசினா எனக்கென்ன?"

தோசை கருகியது. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. அவளைப் பார்த்தேன், துப்பட்டாவைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவேளை போடாமல் இருக்கலாம், ஆயிரம் பேர் அனுப்பியிருப்பார்கள், என்னுடையது எதற்கு என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு அடுத்த தோசை ஊற்றினேன்.

சனிக்கிழமை எட்டாம் வகுப்பில் போர்டில் ஒரு சாதாரணக் கூட்டலைத் தப்பாகப் போட்டேன், ஒரு பையன் எழுந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவளைப் பார்த்தேன். எப்போதும் போல வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். தொண்டை மட்டும் கட்டியிருந்தது.

"என்னடி குரல் இப்படி இருக்கு?"

"ஏசி அத்தை. அங்க ஃப்ரிட்ஜுக்குள்ள நிக்கறாப்புல இருக்கும்."

"ஷூட்டிங் எப்படிப் போச்சு?"

"சொல்லக் கூடாது. கையெழுத்து வாங்கியிருக்காங்க."

அதற்கு மேல் நான் எப்படிக் கேட்பேன்? பூசை முழுவதும் அவள் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் குரலைக் கேட்டிருந்தால் என் கையைப் பிடிப்பாளா? பிடிக்க மாட்டாள். அப்படியென்றால் போடவில்லை. ஆனால் தொண்டை? இரண்டு பாதியாகப் பிரித்து எடுத்ததால், அன்று மாலை முதல் பாதிப் பேருடைய ஆட்டம்தான் ஒளிபரப்பானது, அவளுடையது அடுத்த ஞாயிறு. வட்டத்தில் நின்றவர்களில் நாலு பேர் அழுதார்கள். என் நாத்தனார், "எந்த வாய் இப்படியெல்லாம் பேசுது அண்ணி? சோறுதான் திங்குதா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. காலிங் பெல் அடித்தால் நாத்தனாரோ என்று ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். போன் வந்தால் யார் என்று பார்க்காமல் எடுக்க மாட்டேன். டிவியைக் கெடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். கெடுத்து என்ன பண்ண, எல்லார் கையிலும் போன் இருக்கிறதே.

அந்த ஞாயிறும் வந்தது. ஹாலில் நாத்தனார் டிவிக்கு நேராக, வீட்டுக்காரர் நாற்காலியில், அந்தப் பெண் தரையில் என் காலுக்குப் பக்கத்தில். திரையில் அவள் ஆடி முடித்தாள். விளக்கு அணைந்தது. வெள்ளை வட்டம் வந்தது, அதில் என் பட்டுத் துப்பட்டாவோடு அவள் நின்றாள். நான் சோபாவின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முதல் குரல் ஒரு வயசானவர். நன்றாக ஆடுகிறாய் மகளே என்றார். இரண்டாவது குரல் ஒரு பெண். அது நானில்லை. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் சிரித்த முகமாக ஆடும்மா என்றாள், அவ்வளவுதான். உடனே திரையில் எங்கள் பெண் உடைந்து அழுதாள். சாதாரண அழுகை இல்லை. தோள் குலுங்கி, நிற்க முடியாமல் வட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். தொகுப்பாளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். விளம்பரம் வந்தது.

முடிந்தது. என் குரல் வரவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"இதுக்குப் போயா அழுத?" என்றாள் நாத்தனார். "ஊரே பாக்குதுடி."

என் வாய் சும்மா இருக்குமா? பத்து நாள் பயம் இறங்கின தெம்பில், "சிரிச்சு ஆடுன்னு சொன்னதுக்கா இவ்ளோ சீனு? நல்லா நடிக்கறடி நீ" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்காரர் போனைப் பார்த்துவிட்டு, அதற்குள் அழுமூஞ்சி, நாடகக்காரி என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள் என்றார்.

நான் காபி போட உள்ளே போனேன். கொஞ்ச நேரத்தில் அவள் வந்து டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள். குழாயை வேகமாகத் திறந்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் பேசினாள்.

"அத்தை, அங்க மூணு குரல் போட்டாங்க. டிவில ரெண்டுதான் வந்துச்சு."

நான் அடுப்பை அணைத்தேன்.

"முதல் வார்த்தையிலயே தெரிஞ்சுடுச்சு. நீங்க கன்னடம் பேசறது வேற யாருக்கும் வராது. ஷூட்டிங் முடிஞ்சதும் டைரக்டர் சார்கிட்டப் போய் அத எடுத்துடுங்க சார்னு கெஞ்சினேன். முடியாதுன்னாரு, அழுகை நல்லா வந்திருக்கு, அது போயிடும்னாரு. அழுகைய நீங்க வச்சுக்குங்க, குரல மட்டும் எடுத்துடுங்கன்னேன். அதனாலதான் சிரிச்சு ஆடச் சொன்னாங்களே அந்த அம்மா, அவங்க பேசினதுக்கு நான் அழுதாப்புல வெட்டி ஒட்டிட்டாங்க."

"கண்ணு..."

"அம்மா கேட்டிருந்தா இங்க வர மாட்டாங்க அத்தை. எங்களுக்கு வேற யாரு இருக்காங்க?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள். ஹாலிலிருந்து நாத்தனார் காபி என்னாச்சு என்று கேட்டாள். இதோ வர்றோம்மா என்று அவள் டம்ளர்களைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கே அவளை மறுபடியும் ஏன் அழுதாய் என்று கேட்பதும், "தெரியலம்மா, ஏனோ வந்துடுச்சு" என்று அவள் சொல்வதும் எனக்குக் கேட்டது. போய் உண்மையைச் சொல்ல வேண்டியது நான். போகவில்லை. பயம், அவ்வளவுதான், வேறு பெயர் வைத்து என்ன பிரயோஜனம்?

நேயர் ஓட்டில் அவள் இரண்டு வாரத்தில் வெளியேறினாள். சும்மா சும்மா அழுகிறவளுக்கு எதற்கு ஓட்டு என்று பலர் எழுதியிருந்தார்கள். அதையும் எங்கள் ஹாலில்தான் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். என் நாத்தனார் என் தோளில் முகத்தை வைத்துத் தேம்பினாள். "எவ எவளோ வாய்க்கு வந்தத பேசியே என் புள்ளைய அனுப்பிட்டாளுங்க அண்ணி. நீங்க ஒருத்தர்தான் எங்களுக்கு" என்றாள். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தபடி நான் வாயைத் திறந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அந்தப் பெண் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையை ஆட்டினாள்.